கார்பன் ராடு: கழுவுவது முதல் கழிப்பது வரை (ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வேலைக்கு)

உயரமான ஜன்னலும் சோலார் பேனலும் கழுவப் பயன்படும் நீட்டி மடக்கும் கார்பன் ஃபைபர் ராடு, மேலே கண்ணாடியைத் தேய்க்கும்போது கெடுவது அபூர்வம். வேலை முடிந்ததும் ஈரமும் மண்ணுமாக அப்படியே மடக்கி வண்டியில் எறிகிறோமே, அந்த அரை நிமிடத்தில்தான் கெடுகிறது. பைப்புக்கும் பைப்புக்கும் நடுவே மாட்டிய மணல் ஒவ்வொரு முறை நீட்டும்போதும் மடக்கும்போதும் உப்புத்தாள் மாதிரி அராவுகிறது. பைப் தேய்ந்தால் கிளாம்ப் வழுக்கும். வழுக்குகிறதே என்று கிளாம்ப்பை இன்னும் முறுக்குவோம். முறுக்க முறுக்க ஒருநாள் பைப் நீளவாக்கில் பிளக்கும். பட்டறைக்கு வரும் ராடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைத்தான் சுற்றி வரும்: வழுக்கினால் முதலில் துடை, அப்புறம்தான் முறுக்கு.

எது என்ன

வெளியே இருக்கும் தடித்த பைப் கைப்பிடிப் பைப். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய பைப்புகள். ஒவ்வொரு வெளிப்பைப்பின் மேல்முனையிலும் லீவரால் பூட்டும் ஒரு கிளாம்ப் ஒட்டியிருக்கும். அது தனக்குள்ளே ஓடும் பைப்பைக் கவ்விப் பிடிக்கும். அடியில் ரப்பர் மூடி. உச்சியில் வளைவுத் துண்டு, அதில் பிரஷ், பிரஷில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட். ராடின் வயிற்றுக்குள்ளேயோ வெளியே ஓரமாகவோ ஒரு மெல்லிய ஹோஸ் மேலே போகும்.

பைப்பில் பலம் தருவது கார்பன் இழை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின், பெரும்பாலும் எபாக்ஸி. இழைக்கு வெயில், தண்ணீர், சோப்பு எதுவும் ஒன்றும் செய்யாது. கெடுவதெல்லாம் பிசின்தான். மணல் அராவுவதும் வெயில் வெளுப்பதும் தின்னர் கெடுப்பதும் அதைத்தான்.

நம்ம பக்கத்துத் தூசி, நம்ம பக்கத்துத் தண்ணீர்

வெளிநாட்டு வீடியோவில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ராடை மடக்கி வைப்பார்கள். அங்கே அது போதும். இங்கே போதாது.

கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கிரானைட் குவாரியும் பாலிஷ் பட்டறையும் இருக்கும் இடங்களில் ஜன்னலில் படிவது வெறும் மண் இல்லை, கல்பொடி. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. சாதாரண இரும்புக் கத்தியே ஐந்து, ஐந்தரைதான். எபாக்ஸி அதற்கு முன்னால் எம்மாத்திரம்? கல்பொடி பட்ட ராடைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் நீங்கள் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். முதலில் தண்ணீர் ஊற்றி ஓடவிட வேண்டும், அப்புறம்தான் துணி.

ஓசூரில் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருப்பதால் சிமெண்ட் பால் பட்ட ஜன்னல்களும் கழுவ வரும். ராடில் அது பட்டால் காயவிடக் கூடாது. காய்ந்துவிட்டால் நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள். வழி கீழே இருக்கிறது.

மாந்தோப்பை ஒட்டிய வீடுகளில் இன்னொரு தொல்லை. மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி விடும் தேன் மாதிரியான பிசுக்கு இலை, ஜன்னல், சன்ஷேடு எல்லாவற்றிலும் படியும். நாளானால் அதன் மேல் கரும்பூஞ்சை பிடிக்கும். இதைக் கழுவிய தண்ணீர் ராடு வழியே இறங்கி கிளாம்ப்புக்குள் காய்ந்தால், மறுநாள் பைப் நீளவே மறுக்கும். கிளாம்ப் ரிப்பேர் என்று நினைத்து ஸ்பேனரை எடுப்பவர்கள் நிறைய. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் பத்து நிமிடம் பட்டால் போய்விடும் விஷயம் அது.

தண்ணீர் கதை தனி. இரண்டு மாவட்டத்திலும் பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஃப்ளோரைடும் அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டமே கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீருக்கான இந்திய தர அளவு (ஐஎஸ் 10500) டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கண்ணாடி கறையில்லாமல் தானாகக் காய வேண்டுமானால் 10-க்குள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் உப்பைப் பிரிக்கும் ஆர்ஓவும், மிஞ்சிய உப்பையும் எடுக்கும் டிஐ ரெசின் மணிகளும் வைத்திருக்கிறோம். கண்ணாடிக்கு இவ்வளவு பார்ப்பவர்கள், சாயங்காலம் ராடை மட்டும் போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயப்போடுவார்கள். பைப்பில் வெள்ளைப் படலம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேட வேண்டியதில்லை.

ஆர்ஓ கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதில் ராடு கழுவுவதும் இங்கே சகஜம். ஆர்ஓ பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அது போர் தண்ணீரை விட மோசம். வண்டி டயர் கழுவுங்கள், தரையில் ஊற்றுங்கள். ராடுக்கு வேண்டாம்.

வேலை முடிந்த இடத்திலேயே செய்ய வேண்டியது

மடக்கும் முறையே பாதிப் பராமரிப்பு. நீட்டும்போது மெல்லிய பைப்பிலிருந்து தொடங்க வேண்டும், அப்போதுதான் அடுத்தடுத்த கிளாம்ப் கைக்கெட்டும். மடக்கும்போது தடித்த பைப்பின் கிளாம்ப்பை முதலில் திறக்க வேண்டும். ஒரு கை கிளாம்ப்பில், இன்னொரு கையில் ஈர மைக்ரோஃபைபர் துணி. இறங்கும் பைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்து, துணி வழியாகவே மெதுவாக உள்ளே விடுங்கள். தூசி துணியில் நிற்கும், பைப் சுத்தமாக உள்ளே போகும். கல்பொடி வேலை என்றால் அதற்கு முன் ஜெட் தண்ணீரையே ராடு மேல் ஒரு முறை ஓடவிட்டுக்கொள்ளுங்கள்.

கிளாம்ப்பைத் திறந்ததும் பைப் தடாலென்று விழவிடக் கூடாது. அடி மூடியில் மோதி மூடி பிய்யும், பைப்பின் கீழ்விளிம்பு சிதையும். இரண்டு கிளாம்ப்புக்கு நடுவே விரல் மாட்டினால் நகம் போகும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஹோஸ் உள்ளே ஓடும் ராடு என்றால் இன்னும் ஒன்று. பைப்புக்குள் மண் எப்படிப் போகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. செம்மண் தரையில் ஈரத்தோடு புரண்ட ஹோஸ், ராடை நீட்டும்போது மண்ணோடு மேலே ஏறுகிறது. பைப்பின் உட்சுவர் முழுக்கப் பூசுகிறது. ராடின் அடியிலிருந்து முதல் பத்தடி ஹோஸை ஒரு தார்ப்பாய் மேல் போட்டு வைத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். நீட்டும்போது அடியில் ஹோஸை ஒரு துணியால் பிடித்துக்கொண்டால் மீதியும் நிற்கும். அடிமூடியைத் தரையில் ஊன்றி ராடைத் திருகாதீர்கள். நகர்த்த வேண்டுமென்றால் தூக்கி வையுங்கள்.

முழுக் கழுவல்

தினமும் ஓடும் ராடுக்கு வாரம் ஒரு முறை. குவாரிப் பக்கம் வேலை என்றால் அந்த வேலை முடிந்த அன்றே. எப்போதாவது எடுப்பதென்றால் மாதம் ஒரு முறை போதும்.

வேண்டியவை: 10 லிட்டர் பக்கெட் இரண்டு, பாத்திரம் கழுவும் சாதாரண திரவ சோப்பு, மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, பழைய பல்துலக்கும் பிரஷ், அரை இஞ்ச் எலக்ட்ரிக்கல் பிவிசி பைப் ஒன்று (ராடின் ஒரு பைப்பை விட ஒரு அடி நீளமாக), நாலைந்து கேபிள் டை, தடித்த நைலான் கயிறு, கடைசி அலசலுக்கு ஐந்து லிட்டர் ஆர்ஓ அல்லது டிஐ தண்ணீர்.

1. நிழலில், தார்ப்பாய் விரித்து வேலை செய்யுங்கள். வெயிலில் சோப்பு பைப்பிலேயே காய்ந்துவிடும்.

2. பிரஷ், வளைவுத் துண்டு, ஹோஸ் மூன்றையும் கழற்றுங்கள். அடிமூடியைக் கழற்றுங்கள். பழைய மூடி வரவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், பைப் விளிம்பு உரியும். சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகி எடுங்கள்.

3. எல்லா கிளாம்ப்பையும் திறந்து, மெல்லிய பைப்பை மேல்பக்கமாக உருவுங்கள். ஒவ்வொரு பைப்பின் உச்சியிலும் கிளாம்ப் இருப்பதால் கீழ்ப்பக்கமாக வராது. சில கம்பெனி ராடில் முழுவதும் வெளியே வராதபடி ஒரு தடுப்பு இருக்கும். அதைத் தாண்டி இழுக்காதீர்கள், நீட்டிய நிலையிலேயே கழுவிக்கொள்ளுங்கள். சில பைப்பில் சுழலாமல் இருக்க நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஈரத்தோடு மடக்கி வைத்த ராடு உருவ வராமல் காற்றுப் பிடித்து நிற்கும். அடிமூடியைக் கழற்றினாலே பாதி வேலை முடிந்தது. அப்போதும் வராவிட்டால் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இடவலமாகத் திருகிக்கொண்டே இழுங்கள். சுத்தியல் கூடாது. எண்ணெயும் கூடாது.

5. முதலில் வெறும் தண்ணீர். தோட்டக் குழாயால் பைப்பின் வெளியேயும் உள்ளேயும் ஓடவிடுங்கள். உள்ளிருந்து வரும் தண்ணீர் தெளியும் வரை துணி படக் கூடாது. பிரஷர் வாஷரைக் கிளாம்ப்பிலும் பைப் விளிம்பிலும் நேராக அடிக்காதீர்கள்; ஒட்டிய பசை விடும்.

6. ஒரு பக்கெட்டில் 10 லிட்டருக்கு 15 மி.லி. சோப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டி. இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்பில் நனைத்து பைப்பை நீளவாக்கில் ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு பைப்புக்கும் இடையில் துணியை வெறும் தண்ணீரில் அலசுங்கள். வாஷிங் சோடா, பிளீச்சிங் பவுடர், சபீனா மாதிரிப் பொடி, இரும்பு நார் எதுவும் வேண்டாம்.

7. பைப்பின் உள்பக்கத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தடித்த பைப்புகளுக்குப் பிவிசி பைப் முனையில் துணியைச் சுற்றி, கேபிள் டையால் இறுக்கி, டையின் வாலை ஒட்ட நறுக்குங்கள். துணி பைப்புக்குள் லேசாக உரசிப் போக வேண்டும், முக்கித் தள்ளும்படி இருக்கக் கூடாது. மெல்லிய பைப்புக்கு நைலான் கயிற்றின் நடுவே துணியை முடிந்து, கயிற்றை உள்ளே விட்டு, மறுபக்கம் இழுங்கள். முதல் இழுப்பில் துணியில் வரும் சேற்றைப் பார்த்தால், இனி ஒரு வாரமும் இதைத் தவற விடமாட்டீர்கள்.

8. கிளாம்ப்பின் உள்வாயைப் பல்துலக்கும் பிரஷால் சுற்றித் தேயுங்கள். லீவர் ஆணியின் இடுக்கிலும்தான்.

9. அலசுங்கள். கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில்.

10. காய்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்து, பைப்புகளைத் தனித்தனியாகச் சாய்த்துக் காயவிடுங்கள். ஒரு முனை செங்கல் உயரம் தூக்கியிருந்தால் உள்ளே தண்ணீர் தங்காது. தருமபுரி கோடையில் இரண்டு மணி நேரம் போதும். மார்கழியில் ஓசூரில் விடியும் வரை விட்டுவிடுவதே நல்லது.

திரும்பச் சேர்க்கும்போது ஒவ்வொரு பைப்பையும் கையால் ஒரு முறை முழுக்கத் தடவிப் பாருங்கள். மணல் இருந்தால் உள்ளங்கை சொல்லிவிடும். கையில் கறுப்பு மை மாதிரி ஒட்டினால் பிசின் தேய்ந்து உதிர்கிறது என்று அர்த்தம். புது ராடில் கொஞ்சம் வரும், நிற்கும். பழைய ராடில் தொடர்ந்து வந்தால் உள்ளே மணல் ஓடிக்கொண்டிருக்கிறது.

போகாத கறைகள்

வெள்ளை உப்புப் படலத்துக்கு எலுமிச்சை உப்பு, கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். துணியில் நனைத்து கறை மேல் இரண்டு மூன்று நிமிடம் சுற்றி வைத்து, துடைத்து, நிறைய தண்ணீரில் அலசுங்கள். எபாக்ஸிக்கு இந்த அளவு அமிலம் ஒன்றும் செய்யாது. ஆனால் வாடிக்கையாளர் வீட்டு மார்பிள் படியில் வைத்துச் செய்யாதீர்கள். சொட்டு விழுந்த இடமெல்லாம் பளபளப்பு போய்விடும். காய்ந்த சிமெண்ட் பாலுக்கும் இதேதான், இரண்டு மூன்று தடவை. பல மாதம் ஊறிய பழைய கறையில் சிலிக்கா கலந்திருந்தால் எலுமிச்சை உப்புக்கு அசையாது. கிளாம்ப் ஓடும் இடத்தில் தடையாக இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், சுரண்டி எடுப்பதை விட அது மேல்.

பித்தளைக்குப் புளி போடுகிறோமே, இதற்கும் போடலாமே என்று கேட்பார்கள். புளியில் அமிலம் உண்டு, கூடவே சர்க்கரையும் நாரும் உண்டு. கிளாம்ப்புக்குள் பிசுபிசுவென்று ஒட்டும். வேண்டாம்.

மாம்பிசுக்கு, தார், பறவை எச்சம்: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்த் துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மிஞ்சினால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணி. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவை பைப்பின் மேல்பூச்சையும் கிளாம்ப் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

கிளாம்ப்

ராடு வழுக்கினால் காரணம் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்: பைப்பில் சோப்புப் படலம் அல்லது எண்ணெய், கிளாம்ப் வாயில் மண், திருகு தளர்ந்தது, கிளாம்ப் வாய் தேய்ந்தது, பைப் தேய்ந்தது. இதே வரிசையில் பாருங்கள். பைப்பையும் கிளாம்ப் வாயையும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுச் சோதித்தால் பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும்.

சோதனை இப்படி. உள்பைப்பை அரை மீட்டர் வெளியே இழுத்து லீவரைப் பூட்டுங்கள். துணி பிழிவது போல இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். சுழலக் கூடாது. பிறகு நிமிர்த்தி, மேல் பைப்பைப் பிடித்து கையால் கீழே அழுத்துங்கள். இறங்கக் கூடாது. அதே சமயம் லீவர் கட்டைவிரல் அழுத்தத்தில் பூட்ட வேண்டும். உள்ளங்கை வைத்து அறைந்தால்தான் பூட்டுகிறது என்றால் அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறீர்கள்.

முறுக்க வேண்டியிருந்தால் ஆலன் கீயால் கால் சுற்று. சோதனை. இன்னும் வேண்டுமானால் இன்னொரு கால் சுற்று. ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்று முறுக்குவதில்தான் பைப் பிளக்கிறது. திருகின் நட்டு பிளாஸ்டிக்கில் புதைந்திருக்கும் மாடல்களில், அளவு மீறினால் நட்டு உள்ளேயே சுற்றத் தொடங்கும். அதன் பிறகு கிளாம்ப் மாற்றுவது ஒன்றுதான் வழி.

இதில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. கார்பன் பைப் வெயிலில் கிட்டத்தட்ட விரிவதே இல்லை. பிளாஸ்டிக் கிளாம்ப் விரியும். ஓசூர் காலைக் குளிரில் கச்சிதமாக வைத்த கிளாம்ப், தருமபுரியில் மதியம் 12 மணிக்கு மொட்டை மாடியில் தளர்ந்து நிற்கும். அங்கே ராடு கெட்டுவிட்டது என்று முறுக்கி, மறுநாள் காலை குளிரில் அதே கிளாம்ப்பை அறைந்து பூட்டினால் பைப்தான் வாங்கிக்கொள்ளும். வேலை செய்யும் நேரத்துச் சூட்டில் சரிபாருங்கள், மாலையில் லீவரைத் திறந்து விடுங்கள். பூட்டியபடியே மாதக்கணக்கில் வைத்தால் கிளாம்ப்பின் பிடியும் தளரும்.

எண்ணெய் கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய், டபிள்யூடி 40, சிலிக்கான் ஸ்ப்ரே எதுவானாலும் சரி. பைப்பில் பட்டால் வழுக்கும், மண்ணை இழுத்து ஒட்டவைக்கும். லீவர் ஆணி கிறீச்சிட்டால் உள்பைப்பை உருவிவிட்டு, ஆணியில் மட்டும் ஒரு சொட்டு உலர் பிடிஎஃப்இ (டெஃப்லான்) மசகு போடுங்கள்.

உச்சியில் உள்ள அலுமினிய வளைவுத் துண்டையும் திருகுகளையும் கவனியுங்கள். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பது அலுமினியம். உப்புத் தண்ணீரில் இன்னும் வேகம். வெள்ளைப் பொடி பூத்து, திருகு இறுகிவிடும். மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்துவிட்டுப் போடுங்கள். மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு வாங்குங்கள்.

கிளாம்ப் பைப்பிலிருந்து கழன்றால்

கிளாம்ப் மொத்தமாகச் சுற்றுகிறது அல்லது கையோடு வந்துவிட்டது என்றால் பசை விட்டிருக்கிறது. பைப் முனையில் விரிசல் இல்லையா என்று முதலில் பாருங்கள். பழைய பசையைக் கத்தியின் மொட்டைப் பக்கத்தால் எடுங்கள். ஒட்டும் இடம் இரண்டையும் 120 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். பளபளப்பு போனால் போதும், இழை தெரியக் கூடாது. ஆல்கஹாலால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியில் மெதுவாக இறுகும் வகை எடுங்கள். ஐந்து நிமிட வகை கிளாம்ப்பை நேராக்குவதற்குள் இறுகிவிடும். மெல்லியதாகப் பூசி, கிளாம்ப்பைத் திருகியபடி ஏற்றி, மற்ற கிளாம்ப்புகளின் லீவரோடு ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே பிதுங்கிய பசையைத் துணியால் உடனே வழித்தெடுங்கள், இல்லையென்றால் உள்பைப் ஒட்டிக்கொள்ளும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கீறல், சிம்பு, விரிசல்

நகம் மாட்டாத கீறல் வெறும் பூச்சுக் கீறல், விட்டுவிடலாம். இழை சிம்பு சிம்பாக எழுந்திருந்தால் மெல்லிய சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு ஊறவிட்டு, இறுகியதும் 400, பிறகு 800 உப்புத்தாளில் தண்ணீரோடு தேயுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தூசி மூச்சுக்குள் போகும், தோலில் குத்தி அரிக்கும். கையுறையும் மாஸ்க்கும் அவசியம். கையில் சிம்பு ஏறினால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தால் பைப்பை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டிக் டிக்’ என்று கணீரென்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ‘தொப்’ என்று மந்தமாகும். கிளாம்ப் கவ்வும் இடம், பைப்பின் கடைசி ஒரு சாண், பாரபெட் விளிம்பில் சாயும் இடம், இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடிச் சுவர் விளிம்பில் ராடை வைத்து முன்னும் பின்னும் தள்ளுவதால் வரும் தேய்மானம் எப்போதும் ஒரே உயரத்தில் விழும்.

நீளவாக்கில் விரிசல், மந்தமான சத்தம், அழுத்தினால் அமுங்கும் இடம், மூன்றில் எதுவானாலும் அந்தப் பைப்பை மாற்றுங்கள். டேப் சுற்றியோ ஜிஐ கம்பி கட்டியோ ஓட்ட வேண்டாம். உயரத்தில் ஒடிந்தால் கீழே நிற்பவர் மேல் பிரஷோடு வரும். ஒரு பைப் மட்டும் தனியாகக் கிடைக்கும். பெங்களூரிலிருந்து வரவழைக்கும்போது பைப் எண்ணோடு வெளிவிட்டத்தையும் வெர்னியரில் அளந்து சொல்லுங்கள்.

வெயிலில் மேல்பூச்சு வெளுத்து சுண்ணாம்பு மாதிரிப் பொடி வந்தால், வெளியே தெரியும் கைப்பிடிப் பைப்புக்கு மட்டும் கார் பெயிண்ட் பட்டறையில் கிளியர் கோட் அடிக்கலாம். உள்பைப்புகளுக்கு அடித்தால் தடிமன் கூடி ஒன்றுக்குள் ஒன்று போகாது. சூட்டு அறையில் வைக்க வேண்டாம், நிழலில் காயட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஹோஸ், ஜெட், பிரஷ்

ஜெட்டில் தண்ணீர் கோணலாக வந்தால் டிஐ ரெசின் மணி அல்லது பாசி அடைத்திருக்கும். ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அழுத்தம் போய்விடும். கழற்றி எலுமிச்சை உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பின்பக்கமிருந்து தண்ணீர் அடியுங்கள். வெயில் படும் கண்ணாடி நிற ஹோஸில் பச்சைப் பாசி கட்டும். சாயங்காலம் ஹோஸில் தண்ணீரை நிறுத்தி வைக்காமல் வடித்துவிடுங்கள். பிரஷைத் தரையில் முள் கீழே இருக்கும்படி வைக்கக் கூடாது, தொங்கவிட வேண்டும்.

வைக்கும் இடம், வண்டி

தகர ஷெட்டும் மூடிய வண்டியும் ராடுக்கு ஆகாது. கை வைக்க முடியாத சூட்டில் கிளாம்ப் பசை இளகும், பிளாஸ்டிக் கோணும். வீட்டுக்குள் சுவரில் மூன்று இடத்தில் தாங்கி வைத்துப் படுக்கையாக வையுங்கள். ஹோஸைத் தனியே சுருட்டி உயரத்தில் மாட்டுங்கள், எலி கடிக்கும்.

வண்டியின் மேல் கட்டும்போது நேராகக் கயிறு இறுக்காமல் 110 மி.மீ. பிவிசி பைப் ஒன்றில் ராடைப் போட்டுக் கட்டலாம். இரு முனையும் மூடி, அடியில் நான்கைந்து துளை. துளையில்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கும். வாங்குவதற்கு முன் உங்கள் ராடின் கிளாம்ப் லீவரோடு உள்ளே நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி

கார்பன் மின்சாரம் கடத்தும். ராடு ஈரமாக இருக்கிறது, கையும் ஈரம். இந்திய மின் விதிப்படி 11 கேவி கம்பி கட்டடத்துக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளியிருந்தாலே போதும். அதாவது சட்டப்படி சரியாகப் போட்ட கம்பியே நீங்கள் கழுவும் ஜன்னலுக்கு நாலடி தூரத்தில் ஓடலாம். ராடின் முழு நீளமும் அதற்கு மேல் மூன்று மீட்டரும் சேர்ந்த தூரத்துக்குள் கம்பி இருந்தால் ராடை நீட்டாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. கைப்பிடி மட்டும் கண்ணாடி இழையில் வரும் ராடுகள் உண்டு. ஈரமும் அழுக்கும் படிந்தால் அதையும் நம்ப முடியாது. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி கேட்டாலும் ராடை இறக்கிவிடுங்கள்.

கழித்த ராடு

விரிசல் விட்ட பைப்பைத் தொரட்டிக்குத் தரச் சொல்லி மாந்தோப்புக்காரர்கள் கேட்பார்கள். லேசானது, நீளமானது, மாங்காய் பறிக்கத் தோது என்று தோன்றும். தோப்புக்கு மேலே லைன் போகாத இடம் எத்தனை? ஏற்கெனவே விண்டது வேறு. கொடுக்காதீர்கள், வீட்டில் துணி உலர்த்தவும் வைக்காதீர்கள். எரித்தால் மெல்லிய இழை காற்றில் பறந்து மூச்சுக்குள் போகும், மின்சாதனத்துக்குள் போனால் ஷார்ட் ஆகும். வெட்டுவதென்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஹேக்ஸாவில் ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, வெட்டிய முனைகளில் டேப் சுற்றி, சாக்கில் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் ‘கார்பன் பைப்ண்ணா, சிம்பு குத்தும், கை படாம எடுங்க’ என்று சொல்லிக் கொடுங்கள். கிளாம்ப்புகளையும் திருகுகளையும் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ராடுக்கு உதவும்.